சிலுவையைத் தூக்கிக்கிட்டு முன்னால நடந்தவர்!

செமஸ்டர் டென்ஷன், அரியர் கவலை எல்லாத்தையும் ஒரு பத்து நிமிஷம் ஓரமா வையுங்க. இந்த வாரம் ஒரு கேள்வியோட ஆரம்பிப்போம்.

உங்க காலேஜ்ல ஒரு பெரிய விழா. பதினோரு பேருக்கு மேடையில கௌரவம். ஹால் ஏற்பாட்டுல இருந்து எல்லாத்துலயும் உங்க உழைப்பு இருக்கு. ஊர்வலத்துக்கு முன்னால கொடி பிடிச்சு நடக்கப் போறதும் நீங்கதான். ஆனா, அந்தப் பதினோரு பேர் லிஸ்ட்ல உங்க பேர் கிடையாது. அது மட்டுமில்ல, இந்த விழாவே செல்லாதுன்னு மேலிடம் சொல்லப் போகுது, கலந்துக்கிட்டவங்க எல்லாருக்கும் கெட்ட பேர்னும் உங்களுக்கு நல்லாவே தெரியும்.

மனசுல கை வெச்சு சொல்லுங்க... அந்தக் கொடியைத் தூக்குவீங்களா?

ஒரு அம்மா தூக்கினார். கொடியை இல்லை, சிலுவையை. அவர் பெயர் பார்பரா ஹாரிஸ். உலகம் முழுக்க இருக்கும் ஆங்கிலிக்கன் திருச்சபையின் வரலாற்றில் முதல் பெண் பிஷப்!

"சர்ச் சமாச்சாரமெல்லாம் நமக்கெதுக்கு பாஸ்?"னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. நீங்க எந்த சாமியைக் கும்பிட்டாலும் சரி, கும்பிடாட்டாலும் சரி, "உனக்கெல்லாம் என்ன தகுதி இருக்கு?"ங்கிற கேள்வியை ஒரு தடவையாவது கேட்டிருப்பீங்க இல்லையா? அந்தக் கேள்வியோட மொத்தப் பாரத்தையும் சுமந்த ஒருத்தரோட கதை இது.

ஹைஸ்கூல் காலம்னிஸ்ட்!

1930 ஜூன் 12. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில், ஜெர்மன்டவுன் என்ற பகுதியில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார் பார்பரா கிளமென்டைன் ஹாரிஸ். அப்பா இரும்பு ஆலைத் தொழிலாளி. அம்மா சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். கொள்ளுப்பாட்டி அடிமையாக இருந்தவர். அதாவது, அடிமைத்தனம் என்பது பார்பராவுக்குப் பாடப்புத்தகத்தில் படித்த விஷயம் அல்ல. வீட்டுப் பெரியவர்களின் கதை.

பள்ளியில் படிக்கும்போதே பொண்ணு ஒரு வேலை பார்த்தாங்க. கறுப்பின மக்களுக்கான 'பிட்ஸ்பர்க் கூரியர்' பத்திரிகையின் ஃபிலடெல்ஃபியா பதிப்பில் 'ஹைஸ்கூல் நோட்ஸ் பை பாபி' என்று வாராவாரம் ஒரு பத்தி! நம்ம பக்கம் மாதிரியேதான், மாணவர்களுக்காக ஒரு மாணவி எழுதின பக்கம். (இப்போ நிமிர்ந்து உட்கார்ந்தீங்களே... அதான் வேணும்!)

1948-ல் பள்ளிப் படிப்பை முடித்தார். அடுத்து நாலு வருஷக் கல்லூரிக்கெல்லாம் போகவில்லை. விளம்பரமும் பத்திரிகைத் தொழிலும் சொல்லித்தரும் ஒரு பள்ளியில் படித்து, 1950-ல் சான்றிதழ் வாங்கினார். கறுப்பினத்தவர் ஒருவர் நடத்திய மக்கள் தொடர்பு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தார். 1968-ல் 'சன் ஆயில்' என்ற பெரிய எண்ணெய் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே மக்கள் தொடர்புத் துறையையே நிர்வகிக்கிற அளவுக்கு உயர்ந்தார்.

நல்ல சம்பளம், நல்ல பதவி. கம்பெனி எக்ஸிக்யூட்டிவ் மேடம். இங்கேயே நின்றிருந்தாலும் அந்தக் காலத்துக்கு, அதுவும் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு, அது பெரிய வெற்றிதான். நடுவில் ஒரு கல்யாணம் நடந்து சில வருடங்களிலேயே விவாகரத்திலும் முடிந்திருந்தது. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வரும்.

லீவு போட்டுட்டு எங்கே போனார்?

நமக்கு லீவு கிடைச்சா ஊட்டி, கொடைக்கானல். பார்பராவோ கோடை விடுமுறையில் மிசிசிப்பி மாநிலத்துக்குப் போனார். சுற்றிப் பார்க்க இல்லை. கறுப்பின மக்களின் பெயர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க!

கேட்க சாதாரணமா இருக்கா? 1960-களின் மிசிசிப்பியில் அது உயிரைப் பணயம் வைக்கிற வேலை. 1964-ல் இதே வேலையில் இறங்கிய மூன்று இளைஞர்களை அங்கே கொன்று மண்ணுக்குள் புதைத்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, 1965 மார்ச்சில், ஓட்டுரிமை கேட்டு மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் செல்மாவிலிருந்து மான்ட்கமரிக்கு 54 மைல் தூரம் நடந்த அந்தப் புகழ்பெற்ற பேரணியிலும் பார்பரா இருந்தார்.

இன்னொரு பக்கம், சிறைச்சாலை. 'செயின்ட் டிஸ்மஸ் சங்கம்' என்ற குழுவோடு சேர்ந்து கைதிகளைப் பார்க்கப் போவார். டிஸ்மஸ் யார் தெரியுமா? இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் அறையப்பட்டு, கடைசி நேரத்தில் மனம் திரும்பிய கள்ளனுக்கு மரபில் வழங்கும் பெயர். ஏதோ ஒரு கிறிஸ்துமஸுக்குப் போய் கேக் கொடுத்து போட்டோ எடுத்துக்கிற கதை இல்லைங்க இது. வருஷக்கணக்கா, யாரும் பார்க்காத வேலை.

இதெல்லாம் நடந்தபோது அவர் குருவும் இல்லை, பிஷப்பும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற ஒரு சாதாரண சபை உறுப்பினர், அவ்வளவுதான். பதவி வந்த பிறகு சேவை செய்யலாம்னு காத்திருக்கிறவங்களைத்தானே நாம அதிகம் பார்க்கிறோம்? இங்கே கதை தலைகீழ்.

அந்த திங்கட்கிழமை

இப்போ, முதல்ல சொன்ன விழாவுக்கு வருவோம்.

அமெரிக்காவில் ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு 'எபிஸ்கோப்பல் சர்ச்' என்று பெயர். அங்கே 1970-ல்தான் பெண்கள் முதல் படியான 'டீக்கன்' ஆகலாம் என்று அனுமதித்தார்கள். அதற்கு மேலே 'குரு' ஆகலாமா? 1973-ல் சபையின் பொதுமன்றத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. தோல்வி.

"இனி எத்தனை வருஷம் காத்திருக்கிறது?" என்று சிலர் பொறுமை இழந்தார்கள். 1974 ஜூலை 29, திங்கட்கிழமை. வடக்கு ஃபிலடெல்ஃபியாவில் ஏழைக் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் இருந்தது 'சர்ச் ஆஃப் தி அட்வகேட்'. பார்பராவின் சொந்த சர்ச் அதுதான். அங்கே பதினோரு பெண் டீக்கன்களுக்கு, பதவி ஓய்வு பெற்ற மற்றும் பதவி விலகிய மூன்று பிஷப்புகள் சேர்ந்து குருப்பட்டம் கொடுத்தார்கள். சபையின் அனுமதி இல்லாமல்!

அந்தப் பதினோரு பேரில் ஒருவர் 79 வயது ஜீனெட் பிக்கார்ட். 1934-ல் பலூனை ஓட்டிக்கொண்டு ஸ்ட்ராடோஸ்பியர் வரை போய் வந்த சாதனைப் பெண். வானத்தையே தொட்டுட்டு வந்தவங்களுக்கு, பலிபீடத்துக்கு வர இன்னொரு நாற்பது வருஷம் ஆகியிருக்கு பாருங்க!

சர்ச் நிரம்பி வழிந்தது. ஊர்வலம் தொடங்கியது. எல்லாருக்கும் முன்னால் உயரமான சிலுவையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்... பார்பரா ஹாரிஸ்.

அவருக்கு அன்றைக்கு எந்தப் பட்டமும் கிடையாது. அவர் அப்போது டீக்கன்கூட இல்லை. அடுத்த சில வாரங்களிலேயே அமெரிக்க பிஷப்புகள் அவசரமாகக் கூடி, அந்தச் சடங்கு செல்லாது என்று அறிவித்தார்கள். ஆனால் கதவு இடித்துத் திறக்கப்பட்டுவிட்டது. 1976-ல் பொதுமன்றம் மறுபடி கூடி, பெண்கள் குரு ஆகலாம் என்று தீர்மானித்தது. 1974-ல் பட்டம் பெற்றவர்களையும் முறைப்படி ஏற்றுக்கொண்டார்கள்.

மற்றவங்களுக்காகத் திறந்த கதவு வழியா நாமும் உள்ளே போலாமேன்னு பார்பரா யோசிச்சது அதுக்கு அப்புறம்தான். வயசு நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது!

ஆபீஸ் முடிஞ்சதும் பாடம்

வேலையை விட்டுவிட்டு மூன்று வருடம் இறையியல் கல்லூரியில் போய் உட்காரும் வசதி அவருக்கு இல்லை. வேலை பார்த்துக்கொண்டே படித்தார். ஒரு பல்கலைக்கழகத்தில் சில பாடங்கள், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் கொஞ்ச காலப் பயிற்சி, மூத்த குருமாரிடம் பாடம் என்று துண்டு துண்டாகச் சேர்த்த படிப்பு. 1979-ல் டீக்கன். 1980-ல், ஐம்பது வயதில், குரு.

எண்ணெய் கம்பெனி வேலைக்கு டாட்டா சொல்லிட்டு என்ன செய்தார்? நாரிஸ்டவுன் என்ற ஊரில் ஒரு சின்ன சபையின் பொறுப்பு. கூடவே ஃபிலடெல்ஃபியா சிறைகளில் சாப்ளின் வேலை. முன்பு விருந்தினராகப் போன இடத்துக்கு இப்போது குருவாகப் போனார்.

1984-ல் மறுபடி பேனா! 'தி விட்னஸ்' என்ற முற்போக்கு கிறிஸ்தவப் பத்திரிகையை வெளியிடும் நிறுவனத்தின் நிர்வாகப் பொறுப்புக்கு வந்தார். அதில் அவர் எழுதிய பத்தியின் தலைப்பு 'ஆ லூட்டா கொன்டினுவா'. போர்த்துகீசிய மொழியில் 'போராட்டம் தொடர்கிறது' என்று அர்த்தம். ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் விடுதலைப் போரில் ஒலித்த முழக்கம் அது. நிறவெறி, அமெரிக்க அரசின் கொள்கைகள், சொந்தத் திருச்சபையின் பாசாங்கு... எதையும் விட்டுவைக்கவில்லை. மேடம் எழுத்தில் காரம் கொஞ்சம் தூக்கல்தான். அடி வாங்கியவர்கள் மறப்பார்களா? அந்தப் பத்திகளைக் கத்தரித்து வைத்திருந்தவர்கள் சில வருஷம் கழித்து அதையெல்லாம் வெளியே எடுத்தார்கள்.

ஏன் அத்தனை எதிர்ப்பு?

1988 செப்டம்பர் 24. பாஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மாசசூசெட்ஸ் பேராயம் ஒரு துணை பிஷப்பைத் தேர்ந்தெடுக்கக் கூடியது. அமெரிக்க எபிஸ்கோப்பல் சபையில் பிஷப்பை யாரும் மேலிருந்து நியமிப்பதில்லை, தேர்தல்தான். குருமார்கள் ஒரு பக்கமும் சாதாரண சபையினரின் பிரதிநிதிகள் ஒரு பக்கமும் தனித்தனியாக ஓட்டுப் போடுவார்கள். இரண்டு பக்கத்திலும் பெரும்பான்மை வேண்டும். பல சுற்று ஓட்டெடுப்புக்குப் பிறகு ஜெயித்த பெயர், பார்பரா ஹாரிஸ்.

ஜெயிச்சா மட்டும் போதாது. நாடு முழுவதும் உள்ள பேராயங்களின் நிலைக்குழுக்களும் பிஷப்புகளும் பெரும்பான்மையாகச் சம்மதம் தர வேண்டும். அந்த இடைப்பட்ட மாதங்களில்தான் புயலே அடித்தது.

இங்கே ஒரு சின்ன விளக்கம். ஆங்கிலிக்கன் சபைகளில் டீக்கன், குரு, பிஷப் என்று மூன்று படிகள். குருப்பட்டம் கொடுக்கும் அதிகாரம் பிஷப்புக்கு மட்டும்தான். புது பிஷப்பை, ஏற்கெனவே பிஷப்பாக இருப்பவர்கள் தலையில் கைவைத்து ஜெபித்து அபிஷேகம் செய்வார்கள். அவர்களை அவர்களுக்கு முந்தையவர்கள். இப்படியே பின்னோக்கிப் போனால், இந்தச் சங்கிலி இயேசுவின் சீடர்கள் வரை போகும் என்பது நம்பிக்கை.

உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, டிகிரி சர்டிபிகேட்டை எடுத்துக்கங்க. ஒரு லெக்சரரை உங்களுக்குப் பிடிக்கலைன்னா அவர் கிளாஸுக்குப் போகாம இருக்கலாம், விஷயம் அதோட முடிஞ்சுது. ஆனா, சர்டிபிகேட்ல கையெழுத்துப் போடற துணைவேந்தரோட நியமனமே செல்லாதுன்னு சிலர் சொன்னா? அவர் கையெழுத்துப் போட்ட அத்தனை டிகிரியும் செல்லுமான்னு கேள்வி வரும் இல்லையா? அதான் மேட்டர். பெண் குருவை ஏற்காதவர்கள் வேறொரு சர்ச்சுக்குப் போய்விடலாம். பெண் பிஷப் வந்துவிட்டால், அவர் பட்டம் கொடுக்கிற ஆண் குருக்களைக்கூட அவர்களால் ஏற்க முடியாது. சங்கிலியே அறுந்துவிடும் என்று அவர்கள் உண்மையாகவே பயந்தார்கள்.

"இயேசு தேர்ந்தெடுத்த பன்னிரண்டு சீடர்களும் ஆண்கள்தானே?" என்பது அவர்களின் வாதம். "ரோமன் கத்தோலிக்கரோடும், ஆர்த்தடாக்ஸ் சபைகளோடும் ஒற்றுமை வளர்ந்து வரும் நேரத்தில் இது தேவையா?" என்று கேட்டவர்களும் உண்டு. உயிர்த்தெழுந்த இயேசுவை முதலில் பார்த்து மற்றவர்களுக்கு அறிவித்தது மகதலேனா மரியாள் என்ற பெண்தானே என்று இன்னொரு தரப்பு பதில் சொன்னது. இதெல்லாம் நியாயமான விவாதம். இரண்டு பக்கமும் பைபிளைப் படித்தவர்கள், மனசாட்சி உள்ளவர்கள் இருந்தார்கள்.

ஆனா, எல்லாமே விவாதமா மட்டும் இருந்ததா? இல்லைங்க. "கல்லூரிப் பட்டம் இல்லை." "இறையியல் கல்லூரியில் படிக்கவில்லை." "விவாகரத்து ஆனவர்." "குருவாகி எட்டு வருஷம்தான் ஆகுது." "இடதுசாரி மாதிரி எழுதுகிறார்." ஒவ்வொன்றாக வந்தது. இவற்றோடு, ஆபாசக் கடிதங்களும் கொலை மிரட்டல்களும்! அதில் பலவற்றுக்கு அவர் பெண் என்பதோடு, கறுப்பினப் பெண் என்பதும் சேர்ந்தே காரணம்.

இதுல ஒரு வேடிக்கையைக் கவனிச்சீங்களா? நாலு வருஷக் கல்லூரிக்குப் போகும் வசதி அவருக்கு அமையவில்லை. அதையே குறையாகச் சொன்னார்கள். அவர் வயதில் பெண்கள் குரு ஆகவே முடியாது என்று 1976 வரை கதவைச் சாத்தி வைத்துவிட்டு, 1988-ல் "அனுபவம் போதாது" என்றார்கள். பூட்டினவங்களே "ஏன் லேட்டு?"ன்னு கேட்கிற மாதிரி!

புல்லட் ப்ரூஃப் வேண்டாம்!

1989 பிப்ரவரி 11. பாஸ்டனின் ஹைன்ஸ் அரங்கம். சுமார் 8,000 பேர். அறுபதுக்கும் மேற்பட்ட பிஷப்புகள். மிரட்டல்கள் காரணமாக குண்டு துளைக்காத உடையை மேலங்கிக்கு உள்ளே போட்டுக்கொள்ளச் சொன்னது போலீஸ். பார்பரா மறுத்துவிட்டார்.

கல்யாணத்தில் "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று சர்ச்சில் கேட்பார்களே, அதேபோல பிஷப் அபிஷேகத்திலும் கேட்பார்கள். சினிமாவில்தான் அந்த இடத்தில் யாராவது எழுந்து நிற்பார்கள் என்று நினைக்கிறோம். அன்றைக்கு நிஜமாகவே இரண்டு பேர் எழுந்து வந்து மைக்கில் தங்கள் எதிர்ப்பைப் படித்தார்கள். தலைமை பிஷப் எட்மண்ட் பிரௌனிங் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். யாரும் அவர்களைத் தள்ளவில்லை. பிறகு, ஆராதனை தொடர்ந்தது. பிஷப்புகள் சூழ்ந்து நின்று அவர் தலையில் கைவைத்தார்கள். அன்றைக்குப் பிரசங்கம் செய்தவர் பால் வாஷிங்டன். 1974-ல் அந்தப் பதினோரு பெண்களுக்காகத் தன் சர்ச்சின் கதவைத் திறந்துவிட்ட அதே குரு!

மேடையில் இன்னொரு பெண்மணியும் இருந்தார். வயது எண்பதுக்கு மேல். பெயர் ஃப்ளோரன்ஸ் லீ டிம்-ஓய். இவரைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம் வந்து சேரும்.

ஹாங்காங்கில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது, மக்காவ் நகரில் அகதிகள் குவிந்து கிடந்தார்கள். ஜப்பான் ஆக்கிரமிப்பு காரணமாக அங்கே எந்த ஆங்கிலிக்கன் குருவாலும் போக முடியவில்லை. அங்கிருந்த டீக்கன் ஃப்ளோரன்ஸுக்கே 1944 ஜனவரி 25 அன்று குருப்பட்டம் கொடுத்துவிட்டார் பிஷப் ரொனால்ட் ஹால். ஆங்கிலிக்கன் உலகின் முதல் பெண் குரு! போர் முடிந்ததும் மேலிடத்தில் கடும் கண்டனம். தன்னால் பிஷப்புக்குச் சிக்கல் வேண்டாம் என்று, 1946-ல் குரு என்ற முறையில் பணி செய்வதை ஃப்ளோரன்ஸ் நிறுத்திக்கொண்டார். பிறகு கம்யூனிஸ்ட் சீனாவில் சர்ச்சுகள் மூடப்பட்டன. பண்ணையிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்தார். 1980-களில் கனடாவுக்கு வந்த பிறகுதான் மறுபடி குருவாகப் பணி செய்ய முடிந்தது.

முதல் பெண் குருவும் முதல் பெண் பிஷப்பும் ஒரே மேடையில். ஒருவர் விட்டுக்கொடுத்துக் காத்திருந்தவர். இன்னொருவர் விடாமல் வாதாடியவர். யார் வழி சரின்னு நீங்களே பட்டிமன்றம் வெச்சுக்கங்க. ரெண்டு வழியும் ஒரே இடத்துல வந்து நின்னதை மட்டும் நான் சொல்லிடறேன்.

பிஷப் ஆன பிறகு?

பெரும்பாலான கட்டுரைகள் இங்கே 'சுபம்' போட்டுடும். முதல் பெண், கைதட்டல், முடிஞ்சுது. ஆனா, வேலையே அப்புறம்தானே ஆரம்பிக்குது!

பார்பரா 'சஃப்ரகன்', அதாவது துணை பிஷப். பேராயத்தின் இறுதி முடிவு அவர் கையில் இல்லை. பிஷப் என்றால் செங்கோலும் கூம்புத் தொப்பியுமாக உட்கார்ந்திருக்கும் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். கிழக்கு மாசசூசெட்ஸ் முழுக்க ஊர் ஊராகப் போய் சபைகளைச் சந்திக்க வேண்டும். பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் கொடுக்க வேண்டும். சண்டை போட்டுக்கொள்ளும் சபைகளைச் சமாதானப்படுத்த வேண்டும். பதிமூன்று வருஷத்துக்கும் மேலாக இதைச் செய்தார்.

குள்ளமான உருவம், கரகரத்த குரல், எந்த நேரமும் நகைச்சுவை. சிறைகளுக்குப் போவதை நிறுத்தவில்லை. இளைஞர்கள் என்றால் தனிப் பிரியம். பின்னாளில் அந்தப் பேராயம் நியூஹாம்ப்ஷயரில் இளைஞர்களுக்காக அமைத்த முகாமுக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

அதே சமயம், ஆங்கிலிக்கன் உலகின் தாய்வீடான இங்கிலாந்தில் நிலைமை என்ன? அன்றைய சட்டப்படி அவரை பிஷப்பாக ஏற்க முடியாது என்றார்கள். ஏனென்றால், அங்கே பெண்கள் குரு ஆவதற்கே 1994 வரை வழியில்லை! உலக ஆங்கிலிக்கன் பிஷப்புகள் எல்லாம் பத்து வருஷத்துக்கு ஒருமுறை கூடும் மாநாட்டுக்கு 'லாம்பெத் மாநாடு' என்று பெயர். 1998-ல் அந்த மாநாட்டுக்குப் போனபோது அவரோடு சேர்த்துப் பெண் பிஷப்புகள் பதினோரு பேர். நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவே பதினொன்று! அங்கேயும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. ஓரினச் சேர்க்கையாளர்களைப் பற்றி மாநாடு பேசிய விதத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். 'நான் உள்ளே வந்துவிட்டேன், இனி வெளியே நிற்கிறவர்கள் பாடு அவர்களுடையது' என்று அவர் இருக்கவில்லை.

2002-ல் ஓய்வு. அடுத்து அந்த இடத்துக்கு வந்தவரும் ஒரு கறுப்பினப் பெண். கேல் எலிசபெத் ஹாரிஸ். பெயர் ஒற்றுமை தற்செயல், சொந்தமெல்லாம் இல்லை! ஓய்வு பெற்ற பிறகும் வாஷிங்டன் பேராயத்தில் உதவி பிஷப்பாக 2007 வரை வேலை. 2018-ல் தன் வரலாற்றைப் புத்தகமாக வெளியிட்டார். 2020 மார்ச் 13 அன்று, 89 வயதில் காலமானார்.

அப்புறம் என்ன ஆச்சு?

1990-ல் நியூசிலாந்தின் டனீடனில் பென்னி ஜேமிசன், ஒரு பேராயத்துக்கே முழுப் பொறுப்பு ஏற்ற முதல் பெண் பிஷப் ஆனார். 2006-ல் அமெரிக்க எபிஸ்கோப்பல் சபை முழுவதற்கும் தலைமை பிஷப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் கேத்தரின் ஜெஃபர்ட்ஸ் ஷோரி. அவர் அதற்கு முன்பு கடல் ஆராய்ச்சி விஞ்ஞானி! நம்ம பக்கமும் சும்மா இல்லை. ஆங்கிலிக்கன் கூட்டமைப்பில் உறுப்பாக இருக்கும் தென்னிந்தியத் திருச்சபையில், அதாங்க நம்ம ஊர் சி.எஸ்.ஐ.-யில், 2013-ல் முதல் பெண் பிஷப் வந்துவிட்டார். ஆந்திராவின் நந்தியால் பேராயத்தில் எக்கோனி புஷ்பலலிதா.

ஆச்சரியம் என்னன்னா, இங்கிலாந்து நம்மைவிட லேட்! அங்கே முதல் பெண் பிஷப் லிபி லேன் அபிஷேகம் பெற்றது 2015 ஜனவரியில். 2025 அக்டோபரில் கேன்டர்பரி பேராயர் பதவிக்கே ஒரு பெண்ணின் பெயர் அறிவிக்கப்பட்டது, சாரா மல்லாலி. அவரும் நேர்வழியில் வந்தவர் இல்லை. நர்ஸாக வேலை பார்த்து, இங்கிலாந்தின் தலைமை நர்சிங் அதிகாரியாக உயர்ந்து, அதன் பிறகு குருவானவர். அந்த அறிவிப்புக்கும் சில நாட்டுச் சபைத் தலைவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பெண்களுக்குக் குருப்பட்டமே தராத ஆங்கிலிக்கன் சபைகள் உலகில் இன்றும் உண்டு. 'ஆ லூட்டா கொன்டினுவா'ன்னு பார்பரா தலைப்பு வெச்சது சும்மா இல்லை.

உங்களுக்கு ஒரு வார்த்தை

"பார்த்தியா, டிகிரி இல்லாமயே பிஷப் ஆயிட்டாங்க"ன்னு மட்டும் வீட்ல போய் சொல்லிடாதீங்க, உங்கம்மா என்னைத் தேடி வந்துடுவாங்க! பட்டம் இல்லையே தவிர, படிக்காமல் அவர் வரவில்லை. சாயந்திரமும் விடுமுறையுமாக வருஷக்கணக்கில் படித்து, பரீட்சையைச் சந்தித்துத்தான் வந்தார்.

நான் சொல்ல வர்றது வேற. மிசிசிப்பிக்குப் போனபோது, சிறைக்குப் போனபோது, 1974-ல் சிலுவையைத் தூக்கியபோது... இதுல எதுவுமே பிஷப் பதவிக்கான 'ரெஸ்யூமே' இல்லை. அப்படி ஒரு பதவி ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும்னு அன்னிக்கு யாருமே கனவு கண்டிருக்க முடியாது. எதிரே இருந்த வேலையைச் செய்தார். தன் பெயர் இல்லாத லிஸ்டுக்காக நடந்தார். பதினாலரை வருஷம் கழித்து, ஊர்வலம் அவருக்காக நடந்தது.

நடக்காமலும் போயிருக்கலாம். பார்பராவைப் போலவே உழைச்சும், எந்த மேடையும் ஏறாத பெண்கள் அந்த 'அட்வகேட்' சர்ச்சிலேயே எத்தனையோ பேர் இருந்திருப்பாங்க. அவங்க யாரும் வீணாப் போயிட்டாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அவங்களும் சேர்ந்து தள்ளினதாலதான் அந்தக் கதவு திறந்துச்சு.

அதனால இந்த வார ஹோம்வொர்க். உங்க கிளாஸ்லயோ, ஹாஸ்டல்லயோ, தெருவுலயோ, "இவனுக்கு/இவளுக்கு என்ன தகுதி?"ன்னு ஓரங்கட்டப்பட்ட ஒருத்தர் நிச்சயம் இருப்பார். அவருக்காக ஒரு வேலை செய்யுங்க. உங்க பேர் எங்கேயும் வராத வேலையா இருக்கட்டும். செஞ்சுட்டு யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க, எனக்கும் லெட்டர் போடாதீங்க!

வேற எதுக்கு வேணும்னாலும் எழுதுங்க. அடுத்த வாரம் பார்ப்போமா?